கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

குற்றாலத்தில் அருவியாக இறங்கும் மலை, மேற்குத் தொடர்ச்சி மலை. தென்காசியில் நின்றால் நீலமாகத் தெரியும் அந்த மலை, வடக்கே நெடுந்தூரம் செல்கிறது. அதற்கு அப்பால் மலையாளக் கடற்கரையில் உள்ள ஊர் தலைச்சேரி. அங்கே 1897-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ஜானகி அம்மாள் பிறந்தார். செடி கொடிகளின் ரகசியத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் இவர்.

தந்தை கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். தோட்டம் போடுவதில் அவருக்கு ஆசை அதிகம். அந்த ஆசை மகளுக்கும் வந்தது. பெண்களுக்கு இளம் வயதிலேயே கல்யாணம் நடந்த காலம் அது. ஜானகி அம்மாளோ சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியிலும் பிரசிடென்சி கல்லூரியிலும் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கடைசி வரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

நூல் துண்டுகள்

உயிரணுவுக்குள் நூல் துண்டு போன்ற பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். பிள்ளைக்குத் தாயின் சாயலும் தந்தையின் சாயலும் வருவது இவற்றால்தான். மனிதனுக்கு இவை 46. மக்காச்சோளத்துக்கு 20. தடித்த இனிப்புக் கரும்புக்கு 80. இவற்றை எண்ணி ஆராய்வதே அம்மையாரின் வேலை.

1934-ல் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். காட்டுக் கரும்பையும் நாட்டுக் கரும்பையும் ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டுச் சேர்த்துப் புதுச் செடி உண்டாக்கினார். இத்தனை திறமை இருந்தும், தனித்து வாழும் பெண் என்பதால் இங்கே பல இடைஞ்சல்கள் நேர்ந்தன. அவர் சீமைக்குப் போய்விட்டார்.

அப்போது உலக யுத்தம். லண்டனில் குண்டுகள் விழுந்தன. ஆராய்ச்சியை அவர் நிறுத்தவில்லை. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கைத் தொகுத்து 1945-ல் பெரிய நூல் வெளியிட்டார். மாக்னோலியா என்ற பூமரத்தின் ஒரு வகைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தால், குரோமோசோம்கள் ஒரே நிறமாகத்தான் தெரியும். 1970-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி காஸ்பர்சன் குழுவினர், குயினாக்ரின் என்ற மலேரியா மருந்திலிருந்து செய்த ஒளிரும் சாயத்தை மனிதக் குரோமோசோம்களில் ஏற்றினார்கள். புடவைக் கரை போல அவை பட்டை பட்டையாக மின்னின! ஒவ்வொன்றையும் அடையாளம் காண முடிந்தது. பிறவிக் கோளாறுகளைக் கண்டறிய டாக்டர்களுக்கு வழி பிறந்தது.

தாய்நாட்டில்

பிரதமர் நேரு அழைத்ததால் 1951-ல் ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சென்னை அருகே மதுரவாயலில் எளிமையாக வாழ்ந்து, முதுமையிலும் ஆராய்ச்சி செய்தார்.

குற்றால மலையின் அதே தொடரில், பாலக்காட்டுப் பக்கம் சைலண்ட் வேலி என்ற அடர்ந்த காடு உண்டு. மின்சாரத்துக்காக அங்கே அணை கட்டத் திட்டம் போட்டார்கள். காடு மூழ்கிவிடும் என்று எதிர்த்தவர்களோடு, 80 வயதைக் கடந்த அம்மையாரும் சேர்ந்துகொண்டார். அழிந்தால் மறுபடி படைக்க முடியாத செடிகள் அங்கே இருந்தன. திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அதைப் பார்க்க ஜானகி அம்மாள் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதியே அவர் காலமாகிவிட்டார். காடு இன்றும் நிற்கிறது.