டாக்டர் ஹோமி பாபா காட்டிய வழி

செய்யூரிலிருந்து வடகிழக்கே சென்று பாலாற்றைக் கடந்தால், கடலோரத்தில் கல்பாக்கம் அணுசக்தி நிலையம் தென்படும். அந்நிலையத்தைக் காணாமலே 1966ல் விமான விபத்தில் உயிர் நீத்த டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபாவே அதன் மூலத்திட்டத்தை வகுத்தவர். வல்லரசுகள் உயர்தர சிலிக்கன் சிப்புகளையும் அவற்றைச் செய்யும் யந்திரங்களையும் தம் இஷ்டம்போல் கொடுக்கவும் மறுக்கவும் துணிந்துவிட்ட இந்நாளில், அப்பெரியாரின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்டுவது நம் கடமையென்று கருதுகிறோம்.

1909ல் பம்பாயில் பிறந்த பாபா கேம்பிரிட்ஜில் பயின்று புகழ் பெற்றார். 1939ல் அவர் விடுமுறைக்குத் தாய்நாடு வந்திருந்த சமயம் யுத்தம் மூண்டது. திரும்ப வழியின்றி, ஸர் சி. வி. ராமன் தலைமை வகித்த பெங்களூர் பௌதிகப் பகுதியில் சேர்ந்தார். அவருக்கு நேர்ந்த தடை தேசத்துக்கு லாபமாயிற்று. 1944ல் டாட்டா தர்மஸ்தாபனத்தாருக்கு விண்ணப்பம் செய்து, மறு வருஷமே ஓர் ஆராய்ச்சிக் கழகம் கண்டார். அணுசக்தியால் மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது நிபுணர்களைத் தேடி நாம் அந்நிய நாடுகளுக்கு ஓடலாகாது என்பதே அவர் நோக்கம். யந்திரத்துக்கு முன் மனிதரைத் தயார் செய்தார்.

அவர் அந்நிய உதவியை வெறுத்தவரல்லர். 1956ல் டிராம்பேயில் இயங்கிய அப்ஸரா உலைக்கு பிரிட்டன் எரிபொருள் தந்தது. உலையைக் கட்டியவர் நம்மவர். இந்த வித்தியாசத்தின் அருமை பின்னரே விளங்கிற்று. 1974ல் பொக்ரான் சோதனை நடந்ததும் கனடா ஒத்துழைப்பை நிறுத்திற்று. ஆயினும் கல்பாக்கத்தின் முதல் மின் உலை 1983ல் இயங்கத் தொடங்கியது. பிரெஞ்சுத் துணையுடன் அங்கே திட்டமிட்ட சோதனை ஈனுலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்காமற் போகவே, நம் விஞ்ஞானிகள் புளூட்டோனியம் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாமே செய்து 1985ல் அதை இயக்கினர்.

எலெக்ட்ரானிக்ஸ் துறைக்கும் பாபா வழி வகுக்க முற்பட்டார். 1963ல் அரசாங்கத்தார் நியமித்த கமிட்டிக்கு அவரே தலைவர். ஆனால் அத்துறையில் அதே உறுதி நிலைக்கவில்லை. மொஹாலியில் 1984ல் சிப் உற்பத்தி தொடங்கிய அரசாங்க ஆலை 1989ல் தீக்கிரையாயிற்று. அது மீண்டு எழுவதற்குள் உலகம் வெகுதூரம் சென்றுவிட்டது.

2022 அக்டோபரில் அமெரிக்கா, சீனாவுக்கு உயர்தர சிப்புகளும் அவற்றுக்கான யந்திரங்களும் செல்லாதபடி கட்டுப்பாடு விதித்தது. நம் அரசாங்கத்தார் 2021லேயே 76,000 கோடி ரூபாயில் சிப் தொழிலுக்குத் திட்டம் வகுத்திருக்கின்றனர். அதை வரவேற்கிறோம். ஆனால் பணத்தால் கட்டடமும் யந்திரமும் வாங்கலாம். யந்திரம் நின்றால் அதைத் திருத்தவும், மறுத்தால் வேறொன்றைச் செய்யவும் வல்லவர்களை நாமே பயிற்றவேண்டும். அதற்குச் செலவிடும் பொருளைக் குறைத்தால், ஆலைகள் நம் மண்ணில் இருப்பினும் அவற்றின் சாவி பிறர் கையில்தான் இருக்கும்.