இதயத்தின் கையெழுத்து

நம் முன்னோர் சாவகம் என்று அழைத்த ஜாவாத் தீவில் செமாராங் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரில் 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் வில்லெம் ஐந்தோவன் பிறந்தார். அவருடைய தந்தை டச்சுப் படை மருத்துவராகப் பணியாற்றியவர். ஐந்தோவனுக்கு ஆறு வயதானபோது தந்தை மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தாய் தம் ஆறு குழந்தைகளுடன் கடல் கடந்து, நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். பிறந்த மண்ணை விட்டு வந்த சிறுவன் அந்நகரிலேயே மருத்துவம் பயின்றார். 25ஆம் வயதில் லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதயம் துடிக்கும்போதெல்லாம் அதில் மிக நுண்ணிய மின்சாரம் தோன்றுகிறது. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர், உடலைக் கீறாமலேயே அதனைப் பதிவு செய்து காட்டினார். ஆயினும், அவர் கையாண்ட பாதரசக் கருவி மந்தமானது; இதயத்தின் விரைவுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஐந்தோவன் கணிதத்தின் துணையால் அப்பிழையை நீக்கி, அலைகளின் உண்மை வடிவத்தைக் கண்டறிந்தார். பி, க்யூ, ஆர், எஸ், டி என அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வாறு கணக்கிட்டுக்கொண்டிருக்க இயலுமா? எனவே, அவர் புதிய கருவி ஒன்றை உருவாக்கினார். வலிய காந்தத்தின் நடுவே, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைப் பொருத்தினார். இதய மின்சாரம் பாய்ந்ததும் இழை அசைந்தது. அதன் நிழல் புகைப்படத் தகட்டில் கோடாகப் பதிந்தது. அக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதனை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. நோயுற்றோரை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துவருவதும் எளிதன்று. 1905இல் ஐந்தோவன் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குத் தொலைபேசிக் கம்பி வழியே இரண்டையும் இணைத்தார். நோயாளி மருத்துவமனையில் இருக்க, அவர் இதயத்தின் கோடு ஆய்வுக்கூடத்தில் பதிவாயிற்று. இப்பணிகளுக்காக 1924இல் அவர் நோபல் பரிசு பெற்றார், 1927இல் மறைந்தார்.

அவர் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பின், 1958இல், பேஸ்மேக்கர் முதன்முதலாக மனித உடலுக்குள் பொருத்தப்பட்டது. இதயம் தளர்ந்த நோயாளிகள் சிலருக்கு அதன் கீழறைகள் இரண்டும் ஒருசேரச் சுருங்குவதில்லை. அத்தகையோருக்கு மருத்துவர்கள் பேஸ்மேக்கருடன் இணைந்த மெல்லிய கம்பிகளை இதயத்தில் பதிக்கின்றனர். அக்கம்பிகள் தக்க இடத்தில் இருந்து செவ்வனே பணிபுரிகின்றனவா? மார்பைத் திறந்து பார்க்க வேண்டுவதில்லை, ஈ.சி.ஜி. கோட்டைப் பார்க்கின்றனர். க்யூ, ஆர், எஸ் அலைகள் அகன்றிருந்தால், கீழறைகளுக்கு மின்சாரம் பரவக் காலம் மிகுதியாகிறது என்று பொருள். கம்பிகள் பதித்தபின் அவ்வகலம் குறைந்தால், இரு அறைகளும் இணைந்து இயங்கத் தொடங்கியதற்கு அது நல்ல அறிகுறி. குறையாவிடில், கம்பியின் இடத்தையும் கருவியின் அமைப்பையும் மீண்டும் ஆராய்கின்றனர்.

நோயைத் தீர்க்க மருந்தும் கருவியும் வேண்டும். அவை பயன் தந்தனவா என்று அறியச் சரியான அளவையும் வேண்டும். அவ்வளவையை உலகுக்கு வழங்கியவர் ஐந்தோவன்.