எமர்சன் மறந்ததும் மறவாததும்

1803-இல் பாஸ்டன் நகரில் பிறந்த அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன், தற்சார்பு குறித்து 1841-இல் வெளியிட்ட கட்டுரையில் நினைவைப் பிணச்சுமை என்றே இகழ்ந்தார். நேற்று உரைத்ததற்கு இன்று கட்டுப்பட்டு நிற்றல் வேண்டா என்பது அவர்தம் துணிபு. பின்னாளில் அவரே, மனத்தின் ஆற்றல்களை ஒட்டிப் பிணைக்கும் சாந்து நினைவுதான் என்று சொற்பொழிவாற்றினார். இவ்விரு கருத்துகளுக்கும் அவர் முதுமையே உரைகல்லாயிற்று.

1872-இல் கான்கார்டு ஊரிலிருந்த அவர் இல்லம் தீப்பற்றியது. அதன்பின் மறதி விரைந்து பெருகிற்று. குடை என்னும் சொல் நழுவியபோது, அயலார் எடுத்துச் சென்றுவிடும் பொருள் என்று அதனைச் சுட்டினாராம். நகைச்சுவை நழுவவில்லை போலும்! சொற்பொழிவு மேடைகளில் மகள் எல்லன் துணை நின்றார்.

1882 மார்ச்சில் கவிஞர் லாங்ஃபெல்லோ மறைந்தார். நெடுநாள் நண்பரின் முகத்தை எமர்சன் உற்று நோக்கினார். இனிய, அழகிய உள்ளம் படைத்தவர் என்றார். பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. பழக்கத்தின் எச்சமே அது என்று ஒதுக்குவாரும் உளர். ஆயினும், பெயரறியாத ஒருவரின் இயல்பைப் பிழையின்றி எடைபோட்டவர் பழைய எமர்சன் அல்லர் எனில், வேறு யாவர்?

அடுத்த மாதம் 27-ஆம் நாள் கான்கார்டில் அவரும் காலமானார்.