சூப்பர்சார்ஜரே இல்லாமல் சூப்பர்சார்ஜ்... டூ-ஸ்ட்ரோக் மாயக்காரர் வால்டர் காடன்!

ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 தெருமுனையில் திரும்பும்போதே, பார்க்காமலே அது என்ன பைக்னு சொல்லிடலாம். அந்தக் காலத்து மெக்கானிக்குகளைக் கேட்டால் இன்னொண்ணும் சொல்வாங்க. அந்த சைலன்ஸரைக் கழற்றிட்டு ஓட்டினா சத்தம் கூடும், ஆனா இழுவை போயிடும். புகை வெளியே போற குழாய்க்கும் இன்ஜின் பவருக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே தொழிலாக வைத்திருந்தவர், ஜெர்மனியைச் சேர்ந்த வால்டர் காடன்.

பைக் ஊரில் பிறந்தவர்

1919 செப்டம்பர் 1-ம் தேதி, ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் போபர்ஷாவ் என்ற சின்ன ஊரில் பிறந்தார் காடன். பக்கத்து ஊர் சோப்பாவ். அங்கேதான் டி.கே.டபிள்யூ ஃபேக்டரி. 1920-களின் கடைசியில் உலகத்திலேயே அதிக பைக் தயாரித்த கம்பெனி அது. காடனின் அப்பா அந்தக் கம்பெனியின் விற்பனை மேலாளருக்கு கார் ஓட்டியவர். 1927-ல் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக் திறப்பு விழாவைப் பார்க்கும் வாய்ப்பு பொடியனாக இருந்த காடனுக்குக் கிடைத்தது. அன்னைக்குப் பிடித்த ரேஸ் பித்து, கடைசி வரை அவரை விடவே இல்லை.

அப்போது டி.கே.டபிள்யூ-வின் ரேஸ் பைக்குகள் எல்லாமே டூ-ஸ்ட்ரோக். அதுவும் சூப்பர்சார்ஜ் செய்யப்பட்டவை. அதாவது, இன்ஜின் தானாக இழுக்கும் காற்று - பெட்ரோல் கலவை போதாதுன்னு, தனியாக ஒரு பம்ப் வைத்து அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். கலவை அதிகம் போனால் பவரும் அதிகம். 1938-ல் ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸின் 250 சிசி பிரிவில் எவால்டு க்ளூகே ஜெயித்தது இப்படிப்பட்ட பைக்கில்தான்.

ஓட்டைப் பானை பிரச்னை

ஆனால், டூ-ஸ்ட்ரோக்கை சூப்பர்சார்ஜ் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளை பிஸ்டனே மூடித் திறக்கும். பிஸ்டன் மேலே ஏறும்போது, கலவை உள்ளே வரும் துளை முதலில் மூடும். புகை போகும் துளையோ அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அப்போ எவ்வளவு அழுத்திக் கலவையைத் தள்ளினாலும், மிச்சம் வெளியேதான் ஓடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான்.

டி.கே.டபிள்யூ இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஒரே எரி அறைக்கு இரண்டு பிஸ்டன். ஒன்று புகைத்துளையை முன்னாடியே மூடிவிடும். வேலை செய்தது, ஆனால் எடையும் பெட்ரோல் செலவும் அதிகம். போர் முடிந்ததும் 1946-ல் அந்தக் கதையும் முடிந்தது. பைக் ரேஸ்களில் சூப்பர்சார்ஜருக்கே தடை போட்டுவிட்டார்கள்.

போருக்குப் பின்...

கெம்னிட்ஸில் பொறியியல் படித்த காடன், 1940-ல் ஹென்ஷல் விமானக் கம்பெனியில் சேர்ந்தார். எதிரிக் கப்பல்களைத் தாக்குவதற்காக, ரேடியோ மூலம் திசை திருப்பக்கூடிய ஹெச்எஸ் 293 குண்டை உருவாக்கிய குழுவில் இருந்தார். ஹிட்லரின் ராணுவத்துக்காகச் செய்த வேலை அது. அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

போர் முடிந்து அமெரிக்கர்களின் காவலில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், மரவேலைத் தொழில் செய்துகொண்டே சொந்தமாக ஒரு ரேஸ் பைக் செய்தார். அடிப்படை, டி.கே.டபிள்யூ-வின் ஆர்டி 125. உலகமே காப்பி அடித்த பைக் அது. இங்கிலாந்தின் பிஎஸ்ஏ பான்டம் தொடங்கி, யமஹாவின் முதல் பைக்கான ஒய்ஏ-1 வரை எல்லாம் அதன் வாரிசுகள். நம்ம ஆர்எக்ஸ் 100-க்கும் ஒரு வகையில் கொள்ளுத்தாத்தா!

சோப்பாவ் இப்போது கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. ஃபேக்டரி அரசாங்கத்தின் கையில். பிற்பாடு எம்இசட் என்று பெயர் மாறிய அந்த ஃபேக்டரியின் ரேஸ் பிரிவை 1953-ல் காடனிடம் ஒப்படைத்தார்கள். ஆளும் குறைவு, காசும் குறைவு. சூப்பர்சார்ஜருக்கோ தடை.

குழாயே பம்ப்!

சைலன்ஸர் குழாயின் வடிவம் பவரை மாற்றும் என்பது காடனுக்கு முன்பே சிலருக்குத் தெரியும். ஆனால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஆஸிலோஸ்கோப் கருவி வைத்து அளந்து, கணக்காக்கியவர் இவர்.

ஒவ்வொரு முறை புகைத்துளை திறக்கும்போதும் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் புனல் மாதிரி விரியும் இடத்தில், உறிஞ்சும் அலை ஒன்று சிலிண்டருக்குத் திரும்பும். அது புதுக் கலவையை உள்ளே இழுக்கும். கொஞ்சம் வெளியே வழியும், பரவாயில்லை. அடுத்து குழாய் குறுகும் இடத்தில் அலை மோதி, இந்த முறை தள்ளும் அலையாகத் திரும்பும். வழிந்த கலவையை, துளை மூடும் கடைசி நொடியில் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடும். ஓட்டைப் பானைக்கு மூடி கிடைத்துவிட்டது. பம்ப் இல்லை, பெல்ட் இல்லை. வளைத்து வெல்டு வைத்த தகரம் மட்டும்தான்!

ஒரே குறை, அந்த அலை சரியான நேரத்துக்கு வருவது குறிப்பிட்ட ஆர்பிஎம்-ல் மட்டும். அதனால்தான் ரேஸ் டூ-ஸ்ட்ரோக்குகள் கீழே சோம்பேறியாக இருந்து, திடீர்னு பாயும்.

இதோடு, டேனியல் சிம்மர்மன் என்பவர் தன் பைக்கில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய சுழலும் தட்டு வால்வையும், கூடுதலாக ஒரு கலவைத் துளையையும் சேர்த்தார் காடன். 1961-ல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200. சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின் எதுவும் அதுவரை தொடாத அளவு. இன்னைக்கு நம்ம ரோட்டில் ஓடும் 125 சிசி பைக்குகள் சுமார் 11 தான்!

ஒரே ராத்திரியில் போன ரகசியம்

அந்த வருடம் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் முன்னிலையில் இருந்தவர் காடனின் ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர். வண்டி ஓட்டுவதோடு நிற்காமல், காடனோடு சேர்ந்து வேலை பார்த்து இன்ஜினின் நெளிவுசுளிவெல்லாம் தெரிந்தவர். ஆகஸ்ட்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடன் ரேஸ். டெக்னரின் இன்ஜின் பாதியிலேயே படுத்துவிட்டது. அவர் ஊர் திரும்பவில்லை. மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிவிட்டார். அதே வார இறுதியில் அவர் மனைவியும் குழந்தைகளும் கார் டிக்கிக்குள் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். சாம்பியன் பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸுக்குப் போனது.

டெக்னர் போய்ச் சேர்ந்த இடம், சுசூகி. அதுவரை ஐரோப்பிய ரேஸ்களில் திணறிக்கொண்டிருந்த கம்பெனி. அடுத்த ஆண்டே, 1962-ல், 50 சிசி உலக சாம்பியன்ஷிப்பை சுசூகிக்காக டெக்னர் ஜெயித்தார். டூ-ஸ்ட்ரோக் பைக் வென்ற முதல் உலகப் பட்டம் அது. காடனின் மூளையில் பிறந்தது, இன்னொருத்தர் பெயரில் வந்தது.

காடன் எங்கேயும் போகவில்லை. சோப்பாவிலேயே இருந்தார். 1963-ல் மைக் ஹெயில்வுட், சொந்த மண்ணான சாக்சன்ரிங்கில் எம்இசட் ஓட்டி 250 சிசி ரேஸை ஜெயித்துக் கொடுத்தார். மொத்தம் 13 கிராண்ட் ப்ரீ வெற்றிகள் கிடைத்தன. உலகப் பட்டம் மட்டும் கடைசி வரை கிடைக்கவே இல்லை. அவர் காட்டிய வழியில் போனவர்களோ, 1975 முதல் 2001 வரை 500 சிசி பட்டங்கள் அத்தனையையும் டூ-ஸ்ட்ரோக்கிலேயே அள்ளினார்கள்.

1996 மார்ச் 3-ம் தேதி காடன் இறந்தார். ஃபார்முலா 1 பார்ப்பவர்களுக்கு ஜப்பானின் சுசூகா டிராக்கில் இருக்கும் டெக்னர் வளைவு தெரிந்திருக்கும். ஆமாம், அதே டெக்னர்தான். காடன் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை.

ஆனால், மாடல் விமானத்தின் குட்டி இன்ஜினில் இருக்கும் ட்யூன்டு பைப்பைப் பாருங்கள். விரிந்து, குறுகி, முடியும். இன்னைக்கும் குட்டி டூ-ஸ்ட்ரோக்கில் சூப்பர்சார்ஜர் மாட்டிப் பார்க்கிறவர்களுக்கு முதலில் வருவது அதே ஓட்டைப் பானை பிரச்னைதான். பம்ப்பை மாட்டுவதற்கு முன் குழாயை அளந்து பாருங்க. அதுதான் காடன் விட்டுப்போன பாடம்!