சலீம் அலி

சலீம் அலி (நவம்பர் 12, 1896 - 1987) புகழ்பெற்ற இந்தியப் பறவையியலாளர் ஆவார். இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளை முறையாகக் கணக்கெடுத்தவர்களுள் முதன்மையானவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உள்ளிட்ட திருவிதாங்கூர்ப் பகுதியின் பறவைகளை 1933 இல் ஆய்வு செய்தார்.

இளமை

மும்பையில் பிறந்த இவர், மூன்று வயதிற்குள் பெற்றோரை இழந்து தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் இவர் சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் தொண்டை மஞ்சளாக இருந்தது. அதனை இனங்காண மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். அங்கு செயலாளராக இருந்த மில்லர்டு, பதப்படுத்திய பறவைகளின் தொகுப்பை இவருக்குக் காட்டினார். இதுவே இவரது பறவை ஆர்வத்தின் தொடக்கமாகும்.

பணி

1926 இல் மும்பை அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர் செருமனியில் எர்வின் இசுட்ரெசமானிடம் பயிற்சி பெற்று 1930 இல் திரும்பியபோது அப்பதவி நீக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசுப் பறவையியலாளர் பணியும் கிடைக்கவில்லை. வேலையற்ற நிலையில் கடலோரச் சிற்றூரான கிகிமில் தங்கி, தூக்கணாங்குருவியின் வாழ்வை ஆராய்ந்தார். அவ்வாய்வு இவருக்குப் புகழ் தேடித் தந்தது.

திருவிதாங்கூர் ஆய்வு

அதன் பின் சமத்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். திருவிதாங்கூர், கொச்சி ஆய்வில் மனைவி தெகுமினாவும் உடன் சென்றார். அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது (1956 இல் தமிழகத்துடன் இணைந்தது). ஆரல்வாய்மொழியும் குமரிமுனையும் ஆய்விடங்களுள் அடங்கும். மேற்கின் மழைக்காடும் கிழக்கின் வறண்ட நிலமும் அருகருகே அமைந்த பகுதி இது. இதே ஆய்வில் பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டின் பறவை வளத்தையும் கண்டறிந்தார்.

சரணாலயங்கள்

பரத்பூர் சதுப்புநிலம் மன்னரின் வேட்டைக்களமாக இருந்தது. 1938 இல் ஒரே நாளில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பறவைகள் அங்கு சுடப்பட்டன. விடுதலைக்குப் பின் அதனை விளைநிலமாக்க வேண்டுமென உழவர்கள் கோரினர். சலீம் அலி நேருவிடம் முறையிட்டு அந்நிலத்தைக் காத்தார். அங்கு வரும் நீர்ப்பறவைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வருபவை என்பதால் அதன் அழிவு பிற நாடுகளையும் பாதித்திருக்கும். இவரது பரிந்துரையால் 1983 இல் சுமார் 25 சதுர கி.மீ. பரப்பில் தட்டேக்காடு சரணாலயம் அமைந்தது. அது இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

கள வழிக் கல்வி

பறவையை நூலில் மட்டும் படிக்காமல் களத்தில் கண்டறிய வேண்டும் என்பது இவரது அணுகுமுறை. 1941 இல் வெளிவந்த இவரது இந்தியப் பறவைகள் நூல் எளிய வாசகரையும் பறவை நோக்கலுக்கு ஈர்த்தது. கோடியக்கரை, பரத்பூர் ஆகிய இடங்களில் கழகம் நடத்திய வளையமிடும் பணியில் இளம் ஆய்வாளர்கள் பறவைகளைக் கையில் ஏந்தி அளந்து, காலில் வளையமிட்டு விடுவித்துப் பயின்றனர்.

சிறப்புகள்

பத்ம பூசண் (1958), பத்ம விபூசண் (1976) விருதுகளைப் பெற்றார். 1985 இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987 இல் மும்பையில் காலமானார். கோவை அருகே ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் 1990 இல் இவரது பெயரில் நிறுவப்பட்டது.