கச்சேரியும் களமும்

ஒரு பணித்தலத்தை நிர்வகிப்பவர், அங்கு வேலை உண்மையில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். சுற்றுநிருபங்களை மட்டும் படித்து இதனை அறிந்துகொள்ள முடியாது. இதற்குச் சிறந்த உதாரணமாக, காலனித்துவ நிர்வாகியும் எழுத்தாளருமான லெனாட் வூல்ஃபின் இலங்கை வாழ்வைக் கொள்ளலாம்.

1880 இல் லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்ற வூல்ஃப், இலங்கை சிவில் சேவையில் இணைந்து 1904 இன் இறுதியில் கொழும்பை வந்தடைந்தார். 1905 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு நியமிக்கப்பட்டார். வடபகுதி ரயில் பாதை அப்போது முற்றுப்பெறாமையால், அனுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை வன்னிக் காட்டினூடாகத் தபால் மாட்டுவண்டியிலேயே பயணம் செய்தார்.

யாழ்ப்பாணத்தில் அவர் தமிழ் கற்றார், கடுமையாக உழைத்தார். வந்த கடிதத்திற்கு அன்றைய தினமே பதில் செல்ல வேண்டும் எனக் கட்டளையிட்டார். கோப்புகள் விரைந்தன, எழுதுவினைஞர் மத்தியில் வெறுப்பும் வளர்ந்தது. வீதியில் சட்டத்தரணி ஒருவரைச் சவுக்கால் அடித்தார் என ஆளுநருக்கு முறைப்பாடும் சென்றது. வீதி ஆக்கிரமிப்பொன்றைச் சவுக்கால் சுட்டிக்காட்டியதையன்றித் தாம் எதுவும் செய்யவில்லை என அவர் மறுத்தார். எனினும், குதிரைமீது அமர்ந்த அந்நிய அதிகாரியின் தோற்றமே மக்களுக்கு அடியாக இருந்தது என்பதைப் பிற்காலத்தில் தமது சுயசரிதையில் ஒப்புக்கொண்டார்.

1906 இல் மன்னார்க் கரையிலுள்ள மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அவர் பணியாற்றினார். அங்கு குளியாளர் தம் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பர். அவற்றுள் இரண்டை அரசாங்கத்திற்கென அதிகாரி தெரிவு செய்வார், எஞ்சியது குளியாளருக்குரியது. எக்குவியல் தமக்கு எஞ்சும் என்பது தெரியாததால் சமமாகப் பிரிப்பதே அவர்களுக்கு நன்மை. தொழிலையும் தொழிலாளியையும் அறிந்தவர் வகுத்த முறை இது என்பதில் ஐயமில்லை.

1908 இல் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானபோது அவருக்கு வயது 27. கால்நடையாகவும் குதிரையிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சென்றார். உப்பளங்களுக்கு நேரிற் சென்று வேலையை அவதானித்து, உப்புச் சேகரிப்பைச் சீரமைத்தார். கண்டவற்றை நாட்குறிப்பில் பதிந்தார். ஆயினும் வெக்கை நோய் பரவியபோது, கட்டப்படாத மாடுகளைச் சுடுமாறு அவர் பிறப்பித்த உத்தரவு கிராமத்தவரின் மனக்கசப்பையே தேடித்தந்தது. மாடு கிராமத்தவருக்கு உழவு, வண்டி, செல்வம் அனைத்துமாகும். நோய்த்தடுப்பு விதி சரியானதாயினும் அதன் சுமையைத் தாங்கியவர்கள் அவர்களே.

1911 இல் விடுமுறையில் நாடு திரும்பிய வூல்ஃப், மறுவருடம் பதவி துறந்தார். 1913 இல் வெளியான அவரது நாவல், அதே நிர்வாகத்தைக் காட்டுக் கிராமத்தவனின் கண்கொண்டு நோக்கியது. 1960 இல் மீண்டும் இலங்கைக்கு வந்த அவர், 1969 இல் காலமானார்.

2009 இன் பேரழிவைக் கண்ட முள்ளிவாய்க்கால் கரையில் மீனவர் வாழ்வு மீளக் கட்டியெழுப்பப்பட வேண்டியதாயிற்று. இத்தகைய கரைகளுக்குத் திட்டம் தீட்டுவோர் சில வினாக்களுக்கு விடை அறிந்திருத்தல் அவசியம். வலை யாருடையது? இழுப்பவர் பங்கு எவ்வளவு? விலையைத் தீர்மானிப்பவர் யார்? கடன் கொடுத்தவருக்கே மீனை விற்க வேண்டியுள்ளதா? வாடைக்காற்றுக் காலத்தில் அடுப்பெரிவது எவ்வாறு? இவற்றை அறியாது வழங்கப்படும் படகும் வலையும் உரியவருக்குப் பயன்படாமற் போகலாம். அதிகாரிகள் கரைக்கு இறங்கி, தொழில் செய்வோரிடமே கேட்டறிந்த பின்னர் திட்டங்களை வகுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.