மாண்டபின் சூடிய வாகை

கல்முனைப் பகுதிப் பாடசாலையொன்றில் நான் கணிதம் கற்பித்து வந்த நாளில், 2004ஆம் ஆண்டு வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். கொப்பியின் முன்பக்கங்களை அட்சரகணிதத்தாலும் பின்பக்கங்களைப் பந்தயக் கார்களாலும் நிரப்புவது அவன் வழக்கம். ஒருநாள் அக்கொப்பியைப் பறித்து, இவையெல்லாம் என்னவென்று வினவினேன். ஆப்புப்போல முன்புறம் கூரிய ஒரு காரைச் சுட்டிக்காட்டி, இதனை ஓட்டியவர் இறந்துபோன பின் உலக வாகையரானார் என்று அவன் சொன்னான். இறந்தவர் எங்ஙனம் பந்தயம் வெல்வார், பரீட்சை நெருங்கும் வேளையில் பிதற்றாதே என்று கடிந்து கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதினான். அம்மாதம் 26ஆம் திகதி காலை கடல் ஊருக்குள் வந்தது.

அவன் பெறுபேற்றைப் பற்றிப் பின்னர் சொல்வேன். அவன் கூறியது முற்றும் மெய்யென்பதை நான் அறிந்துகொண்டது நெடுநாள் கழித்தே. அவன் வரைந்த கார் லோட்டஸ் 72. அதனை ஓட்டியவர் பெயர் யோஹென் ரிண்ட். அம்மனிதரின் வரலாற்றை எழுத நான் முற்பட்டது மோட்டார்ப் பந்தயத்தில் எனக்குள்ள ஈடுபாட்டினால் அன்று. அப்படியோர் ஈடுபாடு எனக்கு என்றும் இருந்ததில்லை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டமும் கட்டுகுருந்தை ஓடுபாதையும் நம் பக்கத்தாருக்குப் பெயரளவில் தெரிந்தவை. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் போட்டியையும் பந்தயமென்று கணக்கிற் கொள்வதானால், நாம் அக்கலையில் எவருக்கும் பின்தங்கியவர்களல்லோம். அது நிற்க.

ரிண்ட் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி ஜேர்மனியின் மைன்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜேர்மனியர், தாயார் ஒஸ்திரிய நாட்டவர். மிளகு முதலிய வாசனைச் சரக்குகளை அரைக்கும் ஆலையொன்று அக்குடும்பத்துக்கு அந்நகரில் இருந்தது. 1943 ஜூலையில் ஹம்பேர்க் நகர்மீது நேசநாட்டு விமானங்கள் குண்டுமாரி பொழிந்தபோது பெற்றோர் இருவரும் ஒருங்கே மாண்டனர். குழந்தைக்கு அப்பொழுது வயது 15 மாதம். ஒரே நாளில் தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளையை யார் எடுத்து வளர்ப்பது என்ற கேள்வி எத்தகையது என்பதை நமது கரையோரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ரிண்டைத் தாயின் பெற்றோர் ஒஸ்திரியாவின் கிராஸ் நகருக்குக் கொண்டுசென்று வளர்த்தனர். ஆயினும் ஜேர்மன் குடியுரிமையை அவர் கைவிடவில்லை. பந்தயம் ஓடியது ஒஸ்திரிய அனுமதிப்பத்திரத்தில். கையிலிருந்த கடவுச்சீட்டோ ஜேர்மன் நாட்டினது. இன்றும் ஒஸ்திரியர் அவரைத் தம்மவரென்றே கொண்டாடுகின்றனர்.

செல்வமுண்டு, கண்டிப்பதற்குத் தந்தையில்லை. இத்தகைய இளைஞன் எவ்வழிச் செல்வான் என்பதை ஊகிக்க ஆசிரியராயிருக்க வேண்டியதில்லை. பனிச்சறுக்கில் எலும்பை முறித்துக்கொண்டார். வீதியில் வாகனத்தைத் தாறுமாறாக ஓட்டிப் பொலிசாருக்குத் தொல்லை கொடுத்தார். 1961இல் நியூர்பேர்க்ரிங் களத்தில் ஜேர்மன் கிராண்ட் பிறீ பந்தயத்தை நண்பரோடு பார்த்து வந்தபின், தமது தொழில் இதுவே என்று துணிந்தார். மைன்ஸ் ஆலையின் பணம் பந்தயக் காராயிற்று. 1964 மே மாதம் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் களத்திலே, அந்நாட்டு இரசிகர் பெரும்பாலோர் பெயரும் கேட்டிராத இந்த ஒஸ்திரியர், முன்னாள் உலக வாகையர் கிரஹாம் ஹில்லைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு லு மான் 24 மணிநேர ஓட்டத்தில் அமெரிக்கரான மாஸ்டன் கிரெகரியோடு சேர்ந்து ஃபெராரி காரில் முதலிடம் பெற்றார்.

இங்கே ஒரு விந்தை. போர்முலா டூ என்னும் இரண்டாந்தரப் போட்டிகளில் அவரை வெல்வார் அரியராயினர். அவ்வகையில் 29 வெற்றிகள் அவருக்குண்டு. முதற்றரமான போர்முலா வன்னிலோ, 1964இல் அடியெடுத்து வைத்தவர் தம் முதல் வெற்றியைக் காண 1969 ஒக்டோபர் வரை காத்திருந்தார். கூப்பர் கார்கள் பாரமானவை. பிரபாம் கார்கள் அவர் ஓட்டிய ஆண்டிலே அடிக்கடி பழுதாகி நின்றன. அறிவிருந்தும் நல்ல பாடசாலை வாய்க்காத மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்.

1969இல் அவர் சேர்ந்த லோட்டஸ் அணியோ அதற்கு நேர்மாறானது. அதன் தலைவர் கொலின் சாப்மன் மேதை. தேவைக்கு மேற்பட்ட ஓர் இறாத்தலும் காரில் இருத்தலாகாது என்பது அவர் கொள்கை. ஆகவே அவர் கார்கள் மிகக் கடுகி ஓடின; சில வேளை ஓடும்போதே முறிந்தன. அவ்வாண்டு பார்சிலோனாவில், காரைத் தரையோடு அழுத்துவதற்காக உயரத்திற் பொருத்தியிருந்த இறக்கை முறிந்து, ரிண்டின் கார் தடுப்பிலே மோதி நொறுங்கியது. காயத்தோடு கிடந்தவர், இத்தகைய இறக்கைகளைத் தடைசெய்ய வேண்டுமென்று பகிரங்கக் கடிதம் எழுதினார். தமது காரின்மேல் தமக்கு நம்பிக்கை வேண்டுமென்று சாப்மனுக்கும் எழுதினார். எழுதியும் அவ்வணியை விட்டு விலகவில்லை. வெல்லக்கூடிய கார் அங்கேதான் இருந்தது. இந்த உடன்படிக்கையை நான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. அவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அறியாதவர் என்று சொல்லவோ இயலாது.

1970ஆம் ஆண்டுக் கணக்கை இனி விரித்துரைக்க வேண்டும். அவ்வாண்டில் 13 பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஆறு பேருக்கு முறையே 9, 6, 4, 3, 2, 1 என்று புள்ளிகள். மே மாதம் மொனாக்கோவில், இறுதிச் சுற்றின் இறுதி வளைவு வரை முன்னே சென்ற ஜாக் பிரபாம் தடம் தவறித் தடுப்பில் மோத, பின்னாலே விரட்டி வந்த ரிண்ட் வென்றார். ஜூனில் ஒல்லாந்திலே லோட்டஸ் 72 தன் முதல் வெற்றியை அவருக்குக் கொடுத்தது. அதே ஓட்டத்தில் அவருடைய நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜ், எரியும் காரிலே மாண்டார். வெற்றி மேடையில் நின்ற ரிண்டின் முகத்தில் மகிழ்ச்சியின் சாயலே இல்லை. இதற்குச் சில வாரம் முன்னர்தான் புரூஸ் மக்லாரன் பரீட்சார்த்த ஓட்டமொன்றில் இறந்திருந்தார். பட்டம் கிடைத்தால் ஓட்டத்தை விட்டுவிடும் எண்ணம் ரிண்டுக்கு இருந்ததாக அவரை அறிந்தோர் பிற்காலத்திற் கூறியதுண்டு. மனைவி நீனா, பின்லாந்துப் பந்தய வீரர் ஒருவரின் மகள். இத்தொழிலின் இயல்பை அறியாதவரல்லர். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

ஆனால் வெற்றிகள் தொடர்ந்தன. ஜூலையில் பிரான்சிலும் இங்கிலாந்திலும், ஓகஸ்ட் 2ஆம் திகதி ஜேர்மனியிலும் அவரே முதல்வர். இங்கிலாந்து ஓட்டத்திலும் முன்னணியில் வந்த பிரபாமுக்கு இறுதிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்து போயிற்று. ரிண்டின் ஐந்து வெற்றிகளில் இரண்டு, முன்னே சென்றவர் கடைசிக் கணத்தில் இடறியதால் வந்தவை என்பதை மறைப்பது நேர்மையன்று. அவ்வாறு இடறுவோரைக் கடைசிவரை விரட்டி வந்தவர் அவரேயென்பதும் அதேயளவு உண்மை. ஐந்து வெற்றி, 45 புள்ளி. அடுத்திருந்த பிரபாமுக்கு 25. மிகுந்திருந்த பந்தயங்கள் நான்கு. இதுவே செப்டெம்பர் முதல் வாரத்து நிலை.

செப்டெம்பர் 5ஆம் திகதி சனிக்கிழமை, இத்தாலியின் மொன்சா களத்தில் ஒத்திகை ஓட்டம். அது நேர்ப்பாதைகள் மிகுந்த களம். வேகத்தைக் கூட்டும்பொருட்டு இறக்கைகளைக் கழற்றிவிட்டு ஓடினார் ரிண்ட். முன்னாளில் இறக்கைகளுக்கு எதிராகக் கடிதம் எழுதிய அதே மனிதர்! லோட்டஸ் 72இல் முன்சில்லுகளின் பிரேக்குகள் சில்லுகளோடு இல்லாமல் காரின் உடலுக்குள்ளே இருந்தன. இரண்டையும் ஒரு தண்டு இணைத்தது. பரபோலிக்கா என்னும் வளைவுக்காக வேகத்தைக் குறைக்கும் வேளையில் வலப்புறத் தண்டு முறிந்தது. கார் இடப்புறம் திரும்பித் தடுப்பின் தூணிலே மோதிற்று. தீப்பற்றினால் விரைந்து வெளியேற வேண்டுமென்ற எண்ணத்தால், கால்களுக்கிடையே மாட்டும் வாரை அவர் மாட்டுவதில்லை. மோதிய வேகத்தில் உடல் கீழே வழுகியது. எஞ்சிய வார்களே கழுத்தை ஊறுபடுத்தின. மிலானோ வைத்தியசாலையை அடையுமுன் உயிர் பிரிந்தது. வயது 28. நெருப்புக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு உயிருக்கு இறுதியாயிற்று. நெருப்போ எழவே இல்லை.

கிராஸ் நகரில் அவரை அடக்கம் செய்தனர். பந்தயங்கள் நிற்கவில்லை. புள்ளிப்பட்டியலின் தலையில் 45 என்ற எண் நின்றது. அதனைக் கூட்டவோ காக்கவோ உரியவர் இல்லை. மறுநாள் மொன்சா ஓட்டமும் முடிந்தபின், எஞ்சிய மூன்று பந்தயங்களையும் வெல்பவருக்கு 27 புள்ளி கிடைக்கும். ஆகவே ஐந்து பேர் அவரைத் தாண்டக்கூடிய நிலையில் இருந்தனர். கனடாவில் பெல்ஜியரான ஜாக்கி இக்ஸ் வென்றார். அவர் கணக்கு 28 ஆயிற்று. இப்பொழுது மீதம் இரண்டு பந்தயம், 18 புள்ளி. இரண்டாமிடத்தில் இருந்த ரெகாஸோனிக்கு 27. இரண்டையும் வென்றால் 45ஐத் தொடலாம், தாண்ட முடியாது. பிரபாமும் ஸ்டுவர்ட்டும் ஹல்மும் எட்டவே முடியாது. 28உம் 18உம் 46. உலகத்தில் ஒரே ஒருவர், ஒரே ஒரு புள்ளியால், இறந்தவரின் பட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இக்ஸின் நிலையை எண்ணிப் பாருங்கள். முயலாதிருத்தல் தொழிலுக்கு இழுக்கு. வேண்டுமென்றே தோற்பது இறந்தவருக்கும் இழுக்கு. முயன்று வென்றாலோ, எதிர்நின்று தடுக்க வர இயலாத ஒருவரிடமிருந்து பறித்ததாகும். ஒக்டோபர் 4ஆம் திகதி அமெரிக்காவின் வொட்கின்ஸ் கிளென் களத்தில், ரிண்ட் ஓராண்டுக்கு முன் தம் முதல் வெற்றியைக் கண்ட அதே இடத்தில், எல்லாரினும் முதல் வரிசையில் நின்று இக்ஸ் புறப்பட்டார். தன்னால் இயன்றதைச் செய்தே ஓடினார். நடுவிலே எரிபொருட் குழாய் பழுதுற்று நிறுத்த நேர்ந்தது. பன்னிரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து விரைந்து நான்காவதாக வந்தார். கிடைத்தது 3 புள்ளி. அன்று வென்றவர் எமர்சன் ஃபிட்டிபால்டி என்னும் 23 வயதுப் பிரேசில் இளைஞர். ரிண்டின் அதே லோட்டஸ் அணி, அதே வகைக் கார், அவருக்கு நான்காவது கிராண்ட் பிறீயே அது. பட்டம் முடிவாயிற்று. அடுத்து மெக்சிக்கோவில் இக்ஸே வென்று 40 புள்ளியோடு இரண்டாமவரானார். பட்டம் தமக்குக் கிடைக்காமற் போனது ஆறுதலே தந்ததென அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அதனை நான் நம்புகிறேன். மெக்சிக்கோவில் வென்றதால் நம்புகிறேன்.

நவம்பரில் பாரிஸ் மாநகரில் பட்டத்துக்குரிய கிண்ணத்தை ரிண்டின் நண்பரும் முந்திய ஆண்டு வாகையருமான ஜாக்கி ஸ்டுவர்ட், நீனாவின் கையில் ஒப்படைத்தார். அப்போட்டியின் வரலாற்றில் மாண்டபின் வாகை சூடியவர் வேறெவரும் இலர்.

2005இல் பெறுபேறுகள் வந்த அன்று, பாடசாலைப் பதிவேட்டிலே அம்மாணவனின் பெயர்மேல் சிவப்புக் கோடு ஏற்கெனவே இழுக்கப்பட்டிருந்தது. கோட்டுக்கு மேலே இடமிருந்தது, அங்கே எழுதினேன். அவனுடைய வாப்பா சில நாள் கழித்து வந்தார். கொப்பியைப் பற்றியும் அந்தக் காரைப் பற்றியும் அவரிடம் சொல்ல எண்ணியிருந்தேன், சொல்லவில்லை. அவர் பெறுபேற்றுத் தாளை வாங்கி, கண்ணாடி எடுத்து வரவில்லை என்று கூறி, கணிதத்துக்கு என்ன வந்திருக்கிறதென்று மட்டும் கேட்டார். ஏ சித்தி என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.